தாடையைப் பிளந்து செய்யும் சத்திரசிகிச்சை: பயந்து ஓடவும் வேண்டாம், பிந்தி வரவும் வேண்டாம்

(தோட்டத் தலைவர்மாருக்கும் மாதர் குழுத் தலைவிமாருக்கும் நடத்தப்பட்ட சுகாதாரக் கருத்தரங்கில், வாய் மற்றும் முகத் தாடைச் சத்திரசிகிச்சைப் பிரிவில் கடமையாற்றும் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நாக்கில் வரும் புற்றுநோயைப் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தீர்கள். வெற்றிலையை விடுங்கள், புகையிலையை விடுங்கள் என்று சொல்வதற்கு முன்னரும் பலர் உங்களிடம் வந்திருப்பார்கள். நானும் அதைச் சொல்லத்தான் போகிறேன். ஆனால் அதற்கு முன் வேறொரு விஷயத்தைப் பேச வேண்டும்.

நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது; சத்திரசிகிச்சைக்குத் திகதியும் குறித்தாகிவிட்டது. அந்த நேரத்தில் சிலர் வாட்டை விட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பிறகு நாட்டு வைத்தியம், தாயத்து, நேர்த்திக்கடன் என்று இரண்டு மூன்று மாதம் போய்விடும். திரும்பி வரும்போது வாயைத் திறக்க முடியாது, கழுத்தில் கட்டி, சாப்பாடு இறங்காது. ஏன் போனீர்கள் என்று கேட்டால் பலர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "தாடையைப் பிளக்கப் போறதா சொன்னாங்க, அதான் பயந்துட்டோம்."

அந்தப் பயத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தாடையைப் பிளந்து செய்யும் சத்திரசிகிச்சையில் உண்மையிலேயே சிக்கல்கள் உண்டு. அவற்றை மறைக்காமல் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஒரு சிக்கல் ஏன் வருகிறது, அதைத் தடுக்க நோயாளியும் வீட்டாரும் சங்கமும் என்ன செய்யலாம் என்று தெரிந்தால் பயம் குறையும். அதோடு, தாடையைப் பிளக்க வேண்டிய நிலை வராமலேயே பார்த்துக்கொள்ளும் வழியும் தெரியும்.

ஏன் தாடையைப் பிளக்கிறார்கள்?

லயக் காம்பராவுக்குள் ஒரு பெரிய அலுமாரி இருக்கிறது என்று வையுங்கள். வாசல் சின்னது. அலுமாரியை உடைக்காமல் முழுதாக வெளியே எடுக்க வேண்டுமென்றால் வாசல் நிலையைக் கழற்றுவோம். அலுமாரியை எடுத்த பிறகு நிலையைத் திரும்பப் பொருத்துவோம். தாடையைப் பிளப்பதும் அப்படித்தான்.

புற்றுநோயை வெட்டும்போது கண்ணுக்குத் தெரியும் கட்டியை மட்டும் எடுத்தால் போதாது. அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் நல்ல சதையையும் சேர்த்து எடுக்க வேண்டும். ஓரத்தில் நோய் மிஞ்சினால் அது திரும்பவும் முளைக்கும். கட்டி நாக்கின் முன்பகுதியில் சின்னதாக இருந்தால் வாய் வழியாகவே எடுத்துவிடலாம். அது பெரிதாகி, நாக்கின் பின்பக்கத்துக்கோ அடிநாக்குக்கோ தொண்டைப் பக்கத்துக்கோ போய்விட்டால், வாய் வழியாகப் பின் ஓரத்தைச் சரியாகப் பார்க்கவும் முடியாது, கை வைக்கவும் முடியாது. அப்போதுதான் கீழ்த்தாடையைப் பிளந்து, கதவைத் திறப்பதுபோல ஒரு பக்கமாக விரிக்கிறார்கள். நாக்கின் அடிவரைக்கும் தெளிவாகத் தெரியும். கட்டியை எடுத்து முடிந்ததும் தாடையைத் திரும்பச் சேர்த்துப் பூட்டுவார்கள்.

இது நேற்று வந்த பரீட்சார்த்த முறை இல்லை. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த ரூ என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் 1836இலேயே உதட்டையும் தாடையையும் நடுவில் பிளந்து நாக்குக் கட்டியை எடுத்திருக்கிறார். அந்தக் காலத்தில் மயக்க மருந்தும் இல்லை, கிருமியைத் தடுக்கும் மருந்தும் இல்லை. இன்றைக்கு எல்லாமே வேறு.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்து வைக்கிறேன். தாடையைப் பிளப்பது வேறு, தாடையை எடுப்பது வேறு. நோய் எலும்புக்குள் போயிருந்தால் அந்தத் துண்டு எலும்பையே வெட்டி எடுக்க வேண்டி வரும். அந்த இடத்தில் காலிலிருந்து எலும்பு எடுத்து வைப்பதும் உண்டு. பிளப்பதில் எலும்பு எதுவும் போவதில்லை. உங்களுக்குச் செய்யப்போவது எது என்று வைத்தியரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

எப்படிச் செய்கிறார்கள்?

கீழுதட்டின் நடுவிலிருந்து நாடி வழியாகக் கழுத்துக்கு ஒரு வெட்டு வரும். பிறகு எலும்பை அறுப்பார்கள். எந்த இடத்தில் அறுப்பது என்பதில்தான் பல சிக்கல்களைத் தவிர்க்கும் வழி இருக்கிறது.

முன்பு கடைவாய்ப் பக்கத்திலும் அறுத்ததுண்டு. தாடை எலும்புக்குள்ளே ஒரு நரம்பு ஓடுகிறது. கீழுதட்டுக்கும் நாடிக்கும் உணர்ச்சி தருவது அதுதான். பக்கவாட்டில் அறுத்தால் அந்த நரம்பு அறுந்து, உதடு மரத்துப் போகும். பின்னால் கொடுக்கும் கதிர்ச்சிகிச்சையும் நேராக அந்த வெட்டின் மேலேயே படும். அதனால் அந்த முறையைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது, சரி நடுவில் அறுப்பது. நடு முன்பற்கள் இரண்டின் வேர்களும் மிக நெருக்கமாக இருப்பதால் பல் பாதிக்கப்படலாம். நாக்கை முன்னுக்கு இழுக்கும் தசைகள் நாடிக்குப் பின்னால் நடுவில்தான் ஒட்டியிருக்கின்றன. அவையும் வெட்டுப்பட்டால் விழுங்குவது சிரமமாகும்.

மூன்றாவது, நடுவிலிருந்து சற்று விலகி, முன்பல்லுக்கும் வேட்டைப் பல்லுக்கும் இடையில் அறுப்பது. அங்கே வேர்களுக்கு நடுவில் கொஞ்சம் இடம் உண்டு. நரம்பு வெளியே வரும் துளை அதற்குப் பின்னால் இருக்கிறது. நாக்கை இழுக்கும் தசைகளும் தப்பும். அதனால் பலர் இன்று இந்த இடத்தையே தெரிவு செய்கிறார்கள்.

அறுக்கும் முன்பே, திரும்பப் பூட்டுவதற்கான டைட்டேனியம் தகட்டை எலும்பில் வைத்து, ஆணித் துளைகளையும் போட்டு வைப்பார்கள். அப்படிச் செய்தால் தாடை பழையபடி சரியாகப் பொருந்தும், பல்லும் பல்லும் முன்போலச் சேரும்.

வரக்கூடிய சிக்கல்கள்

முதலாவது கிருமித் தொற்று. வாய்க்குள் கிருமி இல்லாத இடம் கிடையாது. வெட்டு வாயையும் கழுத்தையும் இணைப்பதால், உள்ளே தையல் விட்டுப்போனால் எச்சில் கழுத்துப் பக்கமாகக் கசியலாம். சில வேளை கழுத்தில் ஓட்டை விழுந்து, குடித்த தண்ணீரும் அதன் வழியாக வரும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும். ஆனால் மூக்குக் குழாய் வழியாகச் சாப்பாடு கொடுத்து, காயத்துக்குத் தினமும் மருந்து கட்டினால் பலருக்கு அது தானாகவே மூடிவிடும். சிலருக்கு மீண்டும் ஒரு சின்னச் சத்திரசிகிச்சை தேவைப்படும்.

இரண்டாவது, எலும்பு ஒட்டாமல் போவது. சாதாரணமாக 6 முதல் 8 வாரத்தில் எலும்பு ஒட்ட வேண்டும். கிருமி சேர்ந்தாலோ, ஆணி தளர்ந்தாலோ, நோயாளி சீக்கிரமே கடினமான சாப்பாட்டைக் கடித்தாலோ அது தடைப்படும். தகடு தோலையோ முரசையோ பிய்த்துக்கொண்டு வெளியே தெரியலாம். எலும்பு ஒட்டியிருந்தால் தகட்டைக் கழற்றிவிடலாம். ஒட்டாவிட்டால் திரும்பப் பூட்ட வேண்டும். எலும்பு கோணலாக ஒட்டினால் பற்கள் முன்போலச் சேராது, மெல்ல முடியாது.

மூன்றாவது, பல்லும் உணர்ச்சியும். அறுத்த இடத்துப் பக்கத்துப் பல் ஆடலாம், செத்தும் போகலாம். நாடியும் கீழுதடும் சில மாதம் மரத்திருக்கலாம். சிலருக்கு அது நிரந்தரமாகவே இருந்துவிடும். மரத்த உதட்டில் சூடு தெரியாது. எனவே கொதிக்கும் தேத்தண்ணீரைக் குடிக்கும் முன் கையில் தொட்டுப் பாருங்கள்.

நான்காவது, உதடு. தழும்பு இருக்கும். உதட்டுக் கரையில் சின்னப் பள்ளம் விழலாம். உதட்டைக் கீழே இழுக்கும் நரம்பு பலவீனப்பட்டால் வாய் கொஞ்சம் கோணும், எச்சில் ஒழுகும். பெண்களுக்கு இது பெரிய மனக்கஷ்டம். வெட்டை நேர்கோடாக இல்லாமல் நாடியைச் சுற்றி வளைத்தோ படிப்படியாகவோ போட்டால் தழும்பு அவ்வளவாகத் தெரியாது. காலம் போகப்போக அது மங்கும்.

ஐந்தாவது, வாய் திறக்க முடியாமல் இறுகுவது. தாடையை விரிக்கும்போது காதருகே உள்ள பொருத்தில் நோவு வரும். நோவுக்குப் பயந்து வாயை அசைக்காமலே விட்டால் தசைகள் இறுகிவிடும். பாக்கு மென்று ஏற்கனவே வாய் இறுகிப் போனவர்களுக்கு இது இன்னும் மோசமாகும்.

ஆறாவது, எல்லாவற்றிலும் பெரியது: கதிர்ச்சிகிச்சைக்குப் பிறகு தாடை எலும்பு சாவது. கதிர் பட்ட எலும்பில் இரத்த ஓட்டம் குறையும். அதற்குப் பிறகு அங்கே பல்லைப் பிடுங்கினாலோ, புண் வந்தாலோ ஆறாது. எலும்பு வெளியே தெரிந்து, துண்டு துண்டாகக் கழன்று வரும். இது சில மாதத்திலும் வரலாம், பல வருஷம் கழித்தும் வரலாம்.

இவற்றோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேச்சுக் குழறுவதும் விழுங்கச் சிரமப்படுவதும் பெரும்பாலும் தாடையைப் பிளந்ததால் வருபவை இல்லை. நாக்கில் எவ்வளவு போயிற்று என்பதைப் பொறுத்தவை அவை. நிறைய எடுக்க வேண்டி வந்தால் முன்கைத் தோலையோ நெஞ்சுச் சதையையோ கொண்டு வந்து நாக்கின் இடத்தில் வைத்துத் தைப்பார்கள். தொண்டையில் போடும் மூச்சுக் குழாய் அநேகமாகத் தற்காலிகம்தான். வீக்கம் வடிந்ததும் எடுத்துவிடுவார்கள். அதைப் பார்த்து, "இனி வாழ்நாள் முழுக்க இப்படித்தான்" என்று வாட்டு வாசலில் நின்று அழ வேண்டாம்.

பிளக்காமல் செய்ய முடியாதா?

இந்தக் கேள்வியை வைத்தியரிடம் கேட்கத் தயங்க வேண்டாம். சின்னக் கட்டியை வாய் வழியாகவே எடுக்கலாம் என்று முன்பே சொன்னேன். நடுத்தரக் கட்டிகளில், கழுத்து வெட்டின் வழியாக நாக்கைக் கீழே இழுத்து எடுக்கும் முறை ஒன்றும் உண்டு. அதில் உதடும் தாடையும் தப்பும். ஆனால் அதிலும் வாயின் அடித்தளத் தசைகளைப் பிரிக்க வேண்டும். எல்லாக் கட்டிகளையும் அந்த வழியாகத் தெளிவாகப் பார்க்கவும் முடியாது. கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம், வாய் எவ்வளவு திறக்கிறது என்று ஸ்கேனையும் வைத்துத்தான் முடிவு செய்வார்கள். தழும்பைத் தவிர்ப்பதற்காக நோயை உள்ளே மிச்சம் விடக்கூடாது. பிளந்தால்தான் முழுதாக எடுக்கலாம் என்று வைத்தியர் சொன்னால், அதற்குச் சம்மதிப்பதே நல்லது.

கத்தி பட்டால் புற்றுநோய் பரவும் என்ற பேச்சு தோட்டத்தில் அடிக்கடி அடிபடுகிறது. அது சரியில்லை. நோய் முற்றிய பிறகு வந்து, சத்திரசிகிச்சை செய்தும் பிழைக்காமல் போனவர்களைப் பார்த்து அந்தப் பேச்சு பிறந்தது. கத்தி பரப்பவில்லை. கத்தி படும் முன்பே நோய் பரவியிருந்தது.

நாக்கில்தானே நோய், கழுத்தையும் ஏன் வெட்டுகிறார்கள் என்றும் கேட்கிறீர்கள். நாக்குப் புற்றுநோய் முதலில் போய்ச் சேரும் இடம் கழுத்து நெறிக்கட்டிகள். மும்பாய் டாட்டா புற்றுநோய் வைத்தியசாலை 2015இல் வெளியிட்ட ஆய்வில், கழுத்தில் கட்டி தெரியும்வரை காத்திருக்காமல் முதலிலேயே கழுத்தையும் சுத்தம் செய்தவர்களில் 3 வருஷத்தின் பின் 80 சதவீதத்தினர் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்து செய்தவர்களில் அது 67.5 சதவீதம்தான்.

நோயாளியும் வீட்டாரும் செய்ய வேண்டியவை

சத்திரசிகிச்சைக்கு முன்:

வெற்றிலை, புகையிலை, பீடி, சுருட்டு, சாராயம் எல்லாவற்றையும் அன்றைக்கே நிறுத்துங்கள். "எப்படியும் வந்துட்டுதே, இனி விட்டு என்ன" என்பார்கள். புகைப்பவரின் காயம் மெதுவாகத்தான் ஆறும், எலும்பும் மெதுவாகத்தான் ஒட்டும். சீனி வருத்தம் இருந்தால் மருந்தை ஒழுங்காக எடுத்து, சீனியைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

பற்களைக் காட்டுங்கள். சொத்தையான பல், ஆடும் பல் எல்லாவற்றையும் கதிர்ச்சிகிச்சை தொடங்க 2 வாரத்துக்கு முன்னரே பிடுங்கி, புண் ஆறியிருக்க வேண்டும். நான் சொன்ன எலும்புச் சாவைத் தடுக்க இதைவிடப் பெரிய வழி இல்லை.

உடம்பைத் தேற்றுங்கள். மெலிந்த உடம்பில் தையல் பிடிக்காது. வாய் நோவால் சாப்பிட முடியாமல் இருந்தால், முட்டை, பால், பருப்புக் கஞ்சி, மசித்த மீன் என்று இறங்கக்கூடியதாகக் கொடுங்கள். அதுவும் இறங்காவிட்டால் குழாய் போடச் சம்மதியுங்கள்.

சத்திரசிகிச்சைக்குப் பின்:

வைத்தியர் சொல்லும்வரை வாயால் எதுவும் கொடுக்க வேண்டாம். பார்க்க வரும் சொந்தக்காரர் பாவப்பட்டு ஒரு வாய் தேத்தண்ணீர் கொடுத்துவிடுவார். அது தையலையும் கெடுக்கும், மூச்சுக் குழாய்க்குள்ளும் போகும்.

வாய் கழுவுவது மருந்து குடிப்பதற்குச் சமம். அனுமதி கிடைத்ததும், சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் உப்புத் தண்ணீரால் வாய் கழுவுங்கள்.

6 வாரத்துக்கு மென்மையான சாப்பாடு மட்டும். எங்கள் வீடுகளில் காலையில் ரொட்டிதான். கோதுமை மா ரொட்டியைக் கடித்து இழுப்பது, ஒட்டாத தாடைக்குப் பெரிய பாரம். குழைந்த சோறு, குரக்கன் கூழ், இடியாப்பத்தைச் சொதியில் ஊறவைத்து மசித்தது என்று கொடுங்கள்.

வாய் திறக்கும் பயிற்சியையும் தோள் பயிற்சியையும் சொல்லித் தரும் நாளிலிருந்தே செய்யுங்கள். கதிர்ச்சிகிச்சை நடக்கும்போதும் விட வேண்டாம்.

கதிர்ச்சிகிச்சை தேவை என்று சொன்னால், சத்திரசிகிச்சை முடிந்து 6 வாரத்துக்குள் அது தொடங்குவது நல்லது. பொதுவாகக் கிழமையில் 5 நாள் வீதம் 6 வாரம், ஏறத்தாழ 30 தடவை. நடுவில் நிறுத்தினால் நோய்க்குத்தான் லாபம். மஹரகமவிலோ கண்டியிலோ தங்கி எடுக்க வேண்டி வரும். யார் கூட இருப்பது, பிள்ளைகளை யார் பார்ப்பது என்று குடும்பம் முன்கூட்டியே பேசி முடிவெடுக்க வேண்டும்.

கதிர் எடுத்தவர், அதற்குப் பிறகு எத்தனை வருஷம் ஆனாலும், பல் பிடுங்கப் போகும் இடத்தில் "எனக்குத் தாடையில் கதிர் கொடுத்திருக்கிறது" என்று முதலில் சொல்ல வேண்டும். கிளினிக் அட்டையைத் தொலைக்காதீர்கள்.

அடுத்த கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில உண்டு. காய்ச்சலோடு தாடை வீங்குதல், கழுத்துக் காயத்திலிருந்து எச்சிலோ சீழோ வருதல், தகடு வெளியே தெரிதல், தாடை அசையும்போது இரண்டு துண்டாக ஆடுதல், இரத்தம் வடிதல், மூச்சு முட்டுதல். இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்கு வாருங்கள்.

வேலைத்தலத்தில் சங்கம் செய்ய வேண்டியவை

கழுத்து நெறிக்கட்டிகளை எடுக்கும்போது தோளை உயர்த்தும் நரம்பைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள். அப்படியிருந்தும் அந்தப் பக்கத்துத் தோள் சில மாதம் பலவீனமாக இருக்கும். சிலருக்கு அது தேறுவதே இல்லை. தலையில் கயிறு போட்டுக் கொழுந்துக் கூடை சுமக்கும் பெண்ணுக்கும், கவ்வாத்துக் கத்தி பிடிக்கும், மருந்துத் தாங்கியை முதுகில் தூக்கும் ஆணுக்கும் இது என்ன கஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வெளியே பார்த்தால் ஆள் நன்றாக இருப்பதுபோலத் தெரியும். "சும்மா சாட்டுச் சொல்றாங்க" என்று பிரட்டுக்களத்தில் பேச்சு வரும். அந்த இடத்தில் தலைவர் நின்று பேச வேண்டும். வைத்தியரிடம் எழுத்தில் சிபாரிசு வாங்கி, தூக்காத, சுமக்காத இலேசான வேலை கேளுங்கள்.

பிந்தி வருவதற்குப் பயம் மட்டும் காரணம் இல்லை. ஒரு நாள் கிளினிக்குக்குப் போனால் ஒரு நாள் பேர் போய்விடும். விடியற்காலை பஸ் பிடித்து, வரிசையில் நின்று, அடுத்த திகதி வாங்கி, இருட்டில் லயத்துக்குத் திரும்ப வேண்டும். பயோப்சிக்கு ஒரு நாள், அதன் முடிவுக்கு ஒரு நாள், ஸ்கேனுக்கு ஒரு நாள். நாக்கில் நோவு இல்லாதபோது யார்தான் இத்தனை பேரை விடுவார்? கிளினிக் அட்டை உள்ளவருக்கு அந்த நாட்களில் பேர் போகாமல் இருக்க நிர்வாகத்தோடு பேசுவது, சம்பளம் பேசுவதைப்போலவே சங்கத்தின் வேலை.

பண உதவிக்கும் வழிகள் உண்டு. புற்றுநோயாளருக்கான உதவிப் பணத்துக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தர் மூலம் விண்ணப்பிக்கலாம். ஊழியர் சேமலாப நிதியில் தகுதியுள்ள அங்கத்தவர்கள் வைத்தியச் செலவுக்காக 30 சதவீதம் வரை முன்கூட்டியே எடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இந்தப் படிவங்களைச் சங்கக் காரியாலயத்தில் வைத்திருந்து நிரப்பிக் கொடுத்தால், அந்தக் குடும்பம் கொடுவட்டிக்குக் கடன் வாங்காமல் தப்பும்.

தாடை தப்ப வேண்டுமென்றால்

இலங்கையில் ஆண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். எங்கள் தோட்டங்களில் பெண்களும் வெற்றிலை போடுவதால் அவர்களுக்கும் வருகிறது. குளிருக்கும் பசிக்கும் களைப்புக்கும் மலையில் ஒரு வாய் வெற்றிலை என்பது பழகிப்போன ஒன்று. புகையிலைதான் கெடுதல், வெறும் வெற்றிலை பாக்கு பரவாயில்லை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டும் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அறிவித்துவிட்டது. காரணம் அதில் உள்ள பாக்கு. கல்யாணத்துக்கும் சடங்குக்கும் தாம்பூலத் தட்டு இருக்கட்டும். வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாக்குப் புற்றுநோய் ஆரம்பத்தில் நோகாது. நம்மை ஏமாற்றுவது அதுதான். கவனிக்க வேண்டியவை இவை: 2 வாரத்துக்கு மேல் ஆறாத புண், முக்கியமாக நாக்கின் பக்கக் கரையில், சுரண்டினாலும் போகாத வெள்ளைப் படை, சிவப்புப் படை, தடிப்பு, கறிக் காரம் தாங்காமல் வாய் எரிவது, மூன்று விரலை நிமிர்த்தி வைக்கும் அளவுக்கு வாய் திறக்காதது, காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் கட்டி, காதுக்குள் நோவு. பல்லுக் குத்தி வந்த புண்தானே என்று நினைத்தால், அந்தப் பல்லைச் சரி செய்யுங்கள். அதற்குப் பிறகும் 2 வாரத்தில் ஆறாவிட்டால் பயோப்சி செய்தே ஆக வேண்டும்.

வாயைப் பார்க்கப் பெரிய இயந்திரம் தேவையில்லை. கேரளாவில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 தொடக்கம், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வெளிச்சத்தில் வாயைப் பார்த்தார்கள். 2005இல் வந்த முடிவுப்படி, புகையிலையோ மதுவோ பாவிப்பவர்களில் வாய்ப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கையில் இருந்தது டோர்ச் லைட்டும் பழகிய கண்ணும் மட்டும்தான்.

அதை இங்கேயும் செய்யலாம். தோட்ட வைத்திய உதவியாளரையும் அரசாங்கப் பல் வைத்தியரையும் அழைத்து, பிரட்டுக்களத்திலோ பிள்ளைக் காம்பராவிலோ வருஷத்துக்கு ஒரு முறை வாய்ப் பரிசோதனை நடத்தலாம். சந்தேகமானவர்களின் பெயரை மாதர் குழுத் தலைவி எழுதி வைத்து, அவர்கள் வைத்தியசாலைக்குப் போனார்களா என்று பின்தொடர வேண்டும். வீட்டிலும் மாதம் ஒரு முறை கண்ணாடி முன் நின்று, நாக்கை வெளியே நீட்டி, இரண்டு கரையையும் அடியையும் பாருங்கள். வயதான அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிள்ளைகள் டோர்ச் அடித்துப் பார்க்கலாம்.

2 சென்ரிமீற்றருக்குள், அதாவது விரல் நகம் அளவில் இருக்கும்போதே வந்தால், அநேகமாக வாய் வழியாகவே எடுத்துவிடலாம். தாடைக்குக் கை வைக்க வேண்டியதில்லை. நாக்கில் போவதும் கொஞ்சம், பேச்சும் தப்பும், வேலைக்கும் சீக்கிரம் திரும்பலாம். பிந்திவிட்டது, தாடையைப் பிளக்கத்தான் வேண்டும் என்றாலும் ஓடிப்போகாதீர்கள். நான் சொன்ன சிக்கல்களில் பலவற்றைத் தடுக்கலாம், வந்தவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு. வைத்தியமே செய்யாமல் விட்ட நாக்குப் புற்றுநோய்க்கு அந்த வழி இல்லை.

உங்கள் தோட்டத்தில் யாராவது திகதி குறித்த பிறகு போகாமல் இருக்கிறார்களா என்று இந்தக் கிழமையே விசாரியுங்கள். இருந்தால், அவரைத் தனியாக அனுப்பாமல் சங்கத்திலிருந்து ஒருவர் கூடவே வாருங்கள்.